ஒப்பிட இடமில்லாத காடு

கதிர்வீச்சிலிருந்து உயிர்களைக் காக்கும் நெறிகளை உலகத்துக்கு வகுத்துத் தரும் அமைப்பு, சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம். 1977இல் அது வெளியிட்ட பரிந்துரையில் ஒரு கருத்து இருந்தது. மனிதர் ஒவ்வொருவரையும் காக்கப் போதுமான கட்டுப்பாடுகள் இருந்தால், மற்ற உயிரினங்களுக்கும் அவை போதும் என்று கொள்ளலாம் என்பது அதன் சாரம். கூடவே ஒரு சிறு விலக்கும் இருந்தது: இனம் பிழைத்துக்கொள்ளும், ஆனால் அந்த இனத்தின் தனித்தனி உயிர்கள் காக்கப்படும் என்று சொல்ல முடியாது. மனிதர் என்றால் ஒவ்வொருவர், விலங்கு என்றால் இனம். எழுதியவர்களுக்கு இது இயல்பான பிரிவாகத் தோன்றியிருக்கும். படிக்கும் நமக்கும் முதல் வாசிப்பில் உறுத்துவதில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23 மணிக்கு, செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. மறுநாள் பிரிப்யாத் நகரத்தின் ஏறக்குறைய 49,000 பேரைப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,16,000 பேர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். மனிதரைக் காக்கும் வழி அவர்களை அங்கிருந்து அகற்றிவிடுவது என்றாயிற்று. விட்டுப்போன நாய்களைச் சுட ஆட்களை அனுப்பினார்கள். காட்டில் இருந்தவை இருந்த இடத்தில் இருந்தன. முயலுக்கும் தவளைக்கும் பேருந்து வரவில்லை. மனிதரும் மற்ற உயிர்களும் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் 1977இன் அந்தக் கருத்து நின்றது. செர்னோபிலில் அந்த நம்பிக்கை ஒரே நாளில் இல்லாமல் போனது.

அதன் பிறகு அந்தக் காட்டுக்குள் என்ன நடந்தது என்பதை நாற்பது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. அறிவியலில் கருத்து வேறுபாடு புதிதல்ல. ஆனால் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அது கதிர்வீச்சைப் பற்றிச் சொல்வதைவிட நம்மைப் பற்றி அதிகம் சொல்கிறது.

உலையிலிருந்து காற்றில் ஏறியவற்றில் அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, சில மாதங்களில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. சீசியம்-137 பாதியாவதற்கு முப்பது ஆண்டு ஆகும், ஸ்ட்ரான்சியம்-90க்கு இருபத்தொன்பது. காட்டோடு தங்கியவை இவை. தங்கிய விதம்தான் கவனிக்க வேண்டியது. வேதியியல் குணத்தில் சீசியம் பொட்டாசியத்துக்கு நெருங்கிய உறவு, ஸ்ட்ரான்சியம் கால்சியத்துக்கு. ஆகவே வேர் சீசியத்தை உறிஞ்சிக்கொள்கிறது, தசை அதை ஏற்றுக்கொள்கிறது. ஸ்ட்ரான்சியம் எலும்பில் போய் அமர்கிறது. இந்த நஞ்சு உயிருக்குள் அத்துமீறி நுழைவதில்லை, பசியே அதை உள்ளே அழைக்கிறது. மண்ணில் பொட்டாசியம் குறைவாக இருந்தால் செடி இன்னும் ஆவலாகச் சீசியத்தை எடுக்கும். செர்னோபில் இருக்கும் பொலேசியா, மணலும் சதுப்பும் கலந்த, வளம் குறைந்த அப்படிப்பட்ட நிலம்.

தூரத்திலும் இதே கதைதான். லைக்கன்களுக்கு வேர் கிடையாது. நம் பிரியாணியில் போடும் கல்பாசி இந்த வகையைச் சேர்ந்தது. காற்றும் மழையும் கொண்டுவருவதை உண்டு வளர்பவை என்பதால், ஸ்காண்டிநேவிய வடக்கில் மழையோடு இறங்கிய சீசியத்தை அவை பிடித்து வைத்துக்கொண்டன. குளிர்காலத்தில் லைக்கனை மேய்ந்து உயிர்வாழும் ரெயின்டீர் மான்களின் தசைக்கு அது போனது. அந்த மான்களை நம்பி வாழ்கிறவர்கள் சாமி மக்கள். 1986 நவம்பரில் நார்வே அரசு ரெயின்டீர் இறைச்சியில் அனுமதித்த சீசியத்தின் வரம்பைப் பத்து மடங்கு உயர்த்தி, கிலோவுக்கு 6,000 பெக்கரல் என்றாக்கியது. வரம்பை உயர்த்தாவிட்டால் ஒரு மக்களின் வாழ்முறையே நின்றுபோகும் என்ற நிலை. மனிதர், விலங்கு, பாசி என்று நாம் தனித்தனியாக வைத்திருக்கும் கணக்குகள் எல்லாம் ஒரே கணக்கு என்பது அப்போது தெரிந்தது.

உலைக்கு அருகிலோ, கணக்குப் பார்க்க அவகாசமே இருக்கவில்லை. பக்கத்திலிருந்த பைன் காடு சில வாரங்களில் செங்கபில நிறமாகிச் செத்தது. செங்காடு என்று அதற்குப் பெயர் வந்தது. ஏறத்தாழ 400 ஹெக்டேர். பெரும்பகுதியைப் புல்டோசரால் சாய்த்து மணலுக்கடியில் புதைத்தார்கள். ஆனால் பைன்களுக்கு நடுவே நின்ற பிர்ச் மரங்களில் பல பிழைத்துக்கொண்டன. ஒரே மண்ணில் நின்று, ஒரே மேகத்தில் நனைந்தும் ஒன்று சாக, ஒன்று பிழைத்தது ஏன்? பைனின் உயிரணுக் கருவுக்குள் இருக்கும் மரபுப்பொருள் மிகப் பெரியது, மனிதனுடையதைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. கதிர் பாய்ந்து தாக்குவதற்கு அவ்வளவு பெரிய இலக்கு. பிர்ச்சுடையது மிகச் சிறியது. மேலும் பைன் ஆண்டு முழுவதும் ஊசியிலைகளைத் தாங்கி நிற்பதால் விழுந்த தூசியையும் தாங்கி நின்றது.

இது முன்பே தெரிந்திருந்த விஷயம். 1961இல் அமெரிக்காவின் லாங் ஐலண்டில், புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில், ஓக்கும் பைனும் கலந்த காட்டின் நடுவே ஒரு சீசியம்-137 மூலத்தை நிறுத்தினார்கள். நாளில் இருபது மணி நேரம் அது தரைக்கு மேலே நின்று காட்டை நோக்கிக் கதிர்வீசும், மற்ற நேரம் தரைக்கடியில் இறக்கிவைக்கப்படும். ஜார்ஜ் வுட்வெல் என்ற சூழலியலாளர் அந்தக் காடு கலைந்துபோவதைப் பதிவு செய்தார். மூலத்தைச் சுற்றி வட்டவட்டமாக ஓர் ஒழுங்கு உருவானது. மிகத் தொலைவில் முதலில் பைன் விழுந்தது, அதற்கு உள்வட்டத்தில் ஓக், அதற்குள்ளே புதர், பிறகு கோரை. எல்லாம் செத்த நடுவட்டத்தில் பாசிகளும் லைக்கன்களும் மட்டும் மிஞ்சின. உயர்ந்து நிற்பது முதலில் போகும், தரையோடு ஒட்டியிருப்பது கடைசிவரை இருக்கும். தீயும் கந்தகப் புகையும் காட்டை அழிக்கும் வரிசையும் ஏறக்குறைய இதுவே என்று வுட்வெல் கண்டார். காட்டுக்குத் தெரிந்தது துன்பம் ஒன்றுதான், அது எந்தத் துன்பம் என்பதல்ல என்று எனக்குத் தோன்றியது அதைப் படித்தபோது.

இனி கருத்து வேறுபாட்டுக்கு வருவோம்.

மக்களை வெளியேற்றிய பகுதியின் பெலாரஸ் பக்கத்தில் இருக்கும் பொலேசியா கதிரியக்கச் சூழல் காப்பகத்தில், தாத்தியானா தெரியாபினாவும் ஜிம் ஸ்மித்தும் மற்றவர்களும் சேர்ந்து 2015இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஹெலிகாப்டரிலிருந்து எண்ணிய பழைய கணக்குகளும், குளிர்காலப் பனியில் பதிந்த தடங்களை எண்ணிய கணக்குகளும் அவர்களிடம் இருந்தன. எல்க், ரோ மான், சிவப்பு மான், காட்டுப்பன்றி ஆகியவற்றின் அடர்த்தி, கதிரியக்கம் படாத நான்கு இயற்கைக் காப்பகங்களில் உள்ளதை ஒத்திருந்தது. ஓநாய்கள் ஏழு மடங்குக்கும் மேல். கதிர்வீச்சு மிகுந்த இடத்தில் விலங்கு குறைவு என்ற தொடர்பும் தென்படவில்லை. உக்ரைன் பக்கத்தில் 1998இல் கொண்டுவந்து விட்ட முப்பது சொச்சம் பிரஷ்வால்ஸ்கி குதிரைகள் இப்போது நூறைத் தாண்டிப் பெருகியிருக்கின்றன. உலகம் இந்தச் செய்திகளை விரும்பிப் படித்தது.

அதே காட்டில் ஆண்டர்ஸ் மோலரும் திமோத்தி மூசோவும் பல ஆண்டுகள் பறவைகளைப் பிடித்துப் பார்த்தார்கள். தகைவிலான் குருவிகளின் சிறகுகளில் நிறமிழந்த வெள்ளைத் திட்டுகள். அவற்றில் அடுத்த ஆண்டு திரும்பி வந்தவை குறைவு. 2011இல் நாற்பத்தெட்டு இனங்களைச் சேர்ந்த 550 பறவைகளை அளந்து, கதிர்வீச்சு அதிகமுள்ள இடத்தில் மூளை சராசரியாக ஐந்து விழுக்காடு சிறியது என்று எழுதினார்கள். வண்டுத்தேனீ, வண்ணத்துப்பூச்சி, சிலந்திவலை எல்லாம் குறைந்திருப்பதாகவும் கணக்குக் காட்டினார்கள். இவர்கள் எண்ணிய முறையைக் குறை சொன்னவர்கள் பலர். தகைவிலான் மனிதர் கட்டிய கொட்டகையில் கூடு கட்டி, மாடு இருக்கும் இடத்தில் மொய்க்கும் பூச்சியைத் தின்னும் பறவை. மனிதரும் மாடும் போன பிறகு அது நலிந்தால், அதற்குக் காரணம் சீசியமா, காலியான கொட்டகையா?

மரபியலிலும் அவசரமும் தயக்கமும் உண்டு. 1996இல் ராபர்ட் பேக்கர் குழுவினர், செர்னோபில் வயல் எலிகளில் மரபு மாற்றம் மிக வேகமாக நடக்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தானியங்கிக் கருவியில் அவர்களே மறுபடியும் சோதித்தார்கள். முன்பு கண்ட மாற்றங்கள் நிலைக்கவில்லை. 1997இல் அதே இதழில் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்தக் காட்டைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் நான் மிக மதிக்கும் பக்கம் இந்தத் திரும்பப் பெறுதல்தான். பேரழிவு நடந்த இடத்தில் பேரழிவின் அடையாளம் இருந்தே தீரவேண்டும் என்று மனம் எதிர்பார்க்கும். காடு செழித்தால் அதையும் மனம் ஆவலோடு பற்றிக்கொள்ளும், நாம் செய்தது அவ்வளவு மோசமில்லை என்ற ஆறுதல் அதில் இருப்பதால். இரண்டு ஆவல்களிலிருந்தும் விலகி நிற்பது எளிதல்ல.

ஒன்றின் விளைவை அறியவேண்டுமென்றால் ஒப்பிட இன்னொன்று வேண்டும். ஓர் உரத்தின் பலனைப் பார்க்க நினைக்கும் விவசாயி, அடுத்தடுத்த இரண்டு பாத்திகளில் ஒரே விதையை விதைத்து, ஒரே தண்ணீரைப் பாய்ச்சி, உரத்தை மட்டும் ஒன்றில் போட்டுப் பார்ப்பார். வேறு எல்லாம் ஒன்றாக இருக்கவேண்டும்.

நம் பக்கத்தில் இப்படி ஒப்பிட முடிந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவரா, கருநாகப்பள்ளிக் கரையிலும் கடல் கொண்டுவந்து குவிக்கும் கரிய மணலில் மொனசைட் இருக்கிறது, அதில் தோரியம். எவரும் வெடிக்கச் செய்யாத, என்றைக்கும் இருந்துவரும் கதிர்வீச்சு. ஹான்ஸ் குரூனபெர்க் தலைமையில் ஒரு குழு கேரளக் கரையில் வாழும் எலிகளைப் பிடித்து, எலும்பையும் பல்லையும் நுணுக்கமாகப் பார்த்து, அந்த மணல் இல்லாத அக்கம்பக்கத்து இடங்களின் எலிகளோடு ஒப்பிட்டது. 1966இல் அறிக்கை வெளிவந்தது. கதிர்வீச்சால் வந்தது என்று சொல்லத்தக்க வேறுபாடு அந்த எலும்புகளில் இல்லை. இதைக்கொண்டு செர்னோபிலைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. அங்கே விழுந்த அளவு வேறு, விழுந்த வேகம் வேறு. நான் சொல்ல வருவது ஒப்பீட்டைப் பற்றி. அந்தக் கரையில் இரண்டு பக்கமும் ஒரே தென்னை, ஒரே ஓலைக்கூரை, ஒரே மீன்குழம்பின் மிச்சம். மணல் மட்டும் வேறு. மனிதர் இரு பக்கமும் இருந்தார்கள், ஆகவே கணக்கில் இரு பக்கமும் அடிபட்டுப் போனார்கள்.

செர்னோபிலுக்கு அப்படி ஓர் அடுத்த பாத்தி இல்லை. மக்களை வெளியேற்றிய பகுதியின் வேலிக்கு உள்ளே கதிர்வீச்சு உண்டு, மனிதர் இல்லை. வேலிக்கு வெளியே கதிர்வீச்சு குறைவு, ஆனால் அங்கே உழவு, சாலை, துப்பாக்கி, பூச்சிமருந்து, வேட்டைநாய், மரம் வெட்டும் இயந்திரம், எல்லாம் உண்டு. ஐரோப்பாவின் நடுவில் கதிர்வீச்சும் இல்லாமல், மனிதரும் இல்லாமல், அத்தனை பெரிய சமவெளிக்காடு எங்கே இருக்கிறது? தெரியாபினா ஒப்பிட்ட காப்பகங்கள்கூட மனித ஊர்களால் சூழப்பட்ட காப்பகங்கள். ஓநாய் ஏழு மடங்கு என்ற கணக்கு ஓநாய்க்கும் சீசியத்துக்கும் உள்ள உறவைச் சொல்லவில்லை. வெளியே ஓநாயைச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. நலிந்த தகைவிலானும் அதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து எழுப்புகிறது. நாம் போனதால் ஓர் உயிர் பெருகுகிறது, நாம் போனதால் இன்னோர் உயிர் தவிக்கிறது. நடுவில் கதிர்வீச்சின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க, நம் பங்கு எவ்வளவு என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அது நமக்குத் தெரியாது. நம் அன்றாடத்தை நாம் ஒருபோதும் அளந்து பார்த்ததில்லை. உழுவது, வேலி போடுவது, பாதை போடுவது, இரவில் விளக்கேற்றுவது ஆகியவற்றை இயல்பு நிலை என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் வந்த தீங்கை மட்டுமே தீங்கு என்று எண்ணிவந்தோம். நாற்பது ஆண்டுக் கதிரியக்க ஆய்வு, அளக்கப்படாமல் கிடந்த அந்த இன்னொரு அளவை நம் முன் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

கதிர்வீச்சுப் படாத இடம் என்பதும் கலங்கலாகத்தான் இருக்கிறது. ஜெர்மனியின் பவேரியாவில் காட்டுப்பன்றி இறைச்சியில் சீசியம் பல ஆண்டுகளாகக் குறையவே இல்லை. மான்களில் குறைந்துவிட்டது, பன்றியில் மட்டும் ஏன் இப்படி என்று பலரும் குழம்பினார்கள். 2023இல் வெளிவந்த ஆய்வில், சீசியத்தின் இரண்டு ஓரிடத்தான்களின் விகிதத்தைக் கொண்டு மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். செர்னோபிலோடு, 1950களிலும் 60களிலும் வானில் வெடித்துச் சோதித்த அணுகுண்டுகளின் சீசியமும் கணிசமாக இருந்தது. மண்ணுக்குள் மெல்ல மெல்ல இறங்கி, நிலத்தடியில் விளையும் ஒருவகைக் காளானில் அது தங்கியிருக்கிறது. பன்றி தோண்டித் தின்பது அந்தக் காளானை. எந்தப் போரிலும் வெடிக்காத குண்டுகள், அவை சோதிக்கப்பட்ட காலத்தில் பிறந்திராத பன்றியின் தசையில். வட பாதி உலகத்தில் தூய ஒப்பீட்டு நிலம் என்று எதைக் காட்டுவோம்?

இந்த இடத்தில் 1977இன் அந்த விலக்குக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. இனம் பிழைக்கும், தனி உயிர்களைப் பற்றிச் சொல்ல முடியாது. காடு செழிக்கிறது என்பவர்கள் இனத்தை எண்ணுகிறார்கள். சிறகில் வெள்ளைத் திட்டைக் காட்டுகிறவர்கள் உடலைப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். வயல் எலிக்கு ஆயுள் ஓரிரு ஆண்டு, குட்டிகளோ ஏராளம். பாதி செத்தாலும் அடுத்த வசந்தத்தில் வளை நிறைந்துவிடும்.

ஸ்பெயினைச் சேர்ந்த பாப்லோ புர்ராக்கோவும் ஹெர்மான் ஒரிசாவோலாவும் செர்னோபிலில் மரத்தவளைகளைப் பார்த்தார்கள். வெளியே பச்சையாக இருக்கும் இனம், வேலிக்குள்ளே கருமை ஏறியிருந்தது. சில தவளைகள் முழுக் கறுப்பு. 2022இல் அவர்கள் எழுதியது இது: இந்தக் கருமை இன்றைய கதிர்வீச்சு அளவோடு பொருந்தவில்லை, 1986இல் விழுந்த அளவோடு பொருந்துகிறது. மெலனின் என்ற கருநிறமி கதிரின் தாக்கத்தை ஓரளவு தாங்கும். விபத்து நடந்த காலத்தில் கருமை மிகுந்த தவளைகள் அதிகம் பிழைத்து, அதிகம் பெருகியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இதைத் தகவமைப்பு என்கிறோம், வெற்றியைச் சொல்லும் குரலில் சொல்கிறோம். அவர்கள் கருத்து சரியென்றால், கருமையான ஒவ்வொரு தவளைக்கும் பின்னால் அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் குளக்கரையில் வாழ முடியாமல் போன பச்சைத் தவளைகள் உண்டு. இனம் கற்றுக்கொண்டது என்றால், கற்றுக்கொண்ட விலையைத் தனித்தனி உடல்கள் கொடுத்தன. எவரும் அவற்றை எண்ணவில்லை. எண்ணவும் முடிந்திருக்காது.

மனிதரைப் பற்றி நாம் இப்படிப் பேசுவதில்லை. ஒரு நகரத்தின் மக்கள்தொகை கூடியிருப்பதால் அங்கே தைராய்டுப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எவரும் சொல்லமாட்டோம், சொல்லவும் கூடாது. அந்தக் குழந்தை ஒரு முழு உலகம் என்று நமக்குத் தெரியும். விலங்கு என்று வரும்போது தலைகளை எண்ணி நிம்மதி அடைகிறோம். காரணம் விலங்கின் வலி சிறியது என்பதா? அப்படி யாரும் நிரூபித்ததில்லை. எண்ணுவதற்குக் கூட்டம் எளிது, ஒவ்வொன்றையும் தொடர்வது கடினம். அளக்க எளிதாக இருந்ததை நாளடைவில் அறமாகவும் ஆக்கிக்கொண்டோம் என்று எனக்குப் படுகிறது.

ஆணையம் தன் பழைய நிலையில் நிற்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். 2008இல் பன்னிரண்டு உயிர்களை முன்மாதிரிகளாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கதிர்வீச்சின் அளவையும் விளைவையும் கணக்கிடும் முறையை வெளியிட்டது. மான், எலி, வாத்து, தவளை, இரண்டு மீன்கள், தேனீ, நண்டு, மண்புழு, பைன், புல், கடற்பாசி. மனிதனை அளந்தால் போதும் என்றிருந்த நெறிநூலில் மண்புழுவுக்குத் தனிக் கணக்கு வந்தது சிறிய மாற்றமில்லை. அதன் நோக்கம் இன்னும் பெரும்பாலும் இனத்தைக் காப்பதுதான். ஆனாலும் பார்வை நகர்ந்திருக்கிறது.

களத்தில் அது இன்னும் வேகமாக நகர்கிறது. பெலாரஸ் காப்பகத்தில் எட்டு ஓநாய்களின் கழுத்தில், இருக்கும் இடத்தையும் அங்கே படும் கதிர்வீச்சையும் சேர்த்துப் பதியும் பட்டைகளைக் கட்டினார்கள். 2019இல் முடிவுகள் வெளிவந்தன. அதுவரை வழக்கம், விலங்கு திரியும் நிலப்பரப்பின் சராசரி மாசு எவ்வளவோ அதுவே விலங்குக்குப் படும் அளவு என்று கொள்வது. பட்டைகள் வேறுவிதமாகச் சொன்னன. எந்தப் பாதையில் போனது, எங்கே படுத்தது, எந்தப் பருவம் என்பதைப் பொறுத்து ஓநாய்க்கு ஓநாய் அளவு பெரிதும் மாறியது. சராசரியை வைத்துப் பார்த்தால் மிக அதிகமாகக் கதிர் பட்ட ஓநாய் கணக்கிலிருந்தே காணாமல் போகிறது. சராசரி ஓநாய் என்று ஒன்று அந்தக் காட்டில் இல்லை.

வேறொரு ஆய்வில் பதினான்கு ஓநாய்களுக்கு இடம்காட்டும் பட்டை கட்டியிருந்தார்கள். வளர்ந்த ஓநாய்கள் பதின்மூன்றும் காப்பகத்தை ஒட்டியே இருந்தன. இளம் ஆண் ஒன்று மட்டும் கிளம்பி, ஏறத்தாழ 369 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்விட்டது. பட்டை பழுதானதால் அது திரும்பியதா என்று அறிய வழியில்லாமல் போயிற்று. தன் பிறந்த மண்ணில் பெற்ற அளவைத் தன் எலும்பில் வைத்துக்கொண்டு அது எந்தக் காட்டில் தங்கியதோ, அங்கே அடுத்த குளிர்காலத்தில் பனித்தடம் எண்ணுகிறவர் அதையும் எண்ணியிருப்பார். மாசுபடாத காட்டின் ஓநாய் என்று எழுதி, செர்னோபிலோடு ஒப்பிடும் பட்டியலில் சேர்த்திருப்பார்.